தூள் போடாத பிளேடு

அண்ணி,

இன்று காலை கடலூர் கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் ஒரு மிஷின் கத்தியது. ‘கீ…ச்’சென்று ஒரே இழுப்பு. தெருவில் போனவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எங்கம்மா போற, கூப்புட்டுடப் போறாங்க” என்று அரசு வக்கீல் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருக்க, நான் நேராகக் கடைக்குள் போய் சுவிட்சை அணைத்தேன்.

கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார். “புது பிளேடும்மா. நேத்துதான் மாட்டுனேன். போவப் போவ சரியாப் பூடும்” என்றார்.

“சரியாவாது. மடங்கிக்கும். மடங்குனா டிரம்மும் பூடும். தூள் போட்டீங்களா?”

“என்னா தூளு?”

டிரம்மும் பிளேடும் சேர்ந்திருக்கிற யூனிட்டை வெளியே எடுத்து, திருகைக் கழற்றி, பிளேடைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கவரிலிருந்து உருவி அப்படியே மாட்டியிருக்கிறார். ரப்பர் விளிம்பு பளபளவென்று இருந்தது. டோனர் பாட்டிலின் வாயில் ஒட்டியிருந்த மைத்தூளை விரலால் தொட்டு, அந்த விளிம்பு முழுக்கப் பூசினேன். மறுபடி மாட்டி, டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே தள்ளினேன். சுவிட்சைப் போட்டதும் மிஷின் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது.

“சுத்தமா இருந்தத அழுக்காக்குறியேன்னு பாத்தேன்” என்றார் அவர்.

அதையேதான் அண்ணி நானும் உங்களிடம் கேட்டேன். நம்முடைய அண்ணாமலை நகர்க் கடையில், யூனிட்டைப் பிரித்துப் பேப்பர் மேல் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். டிரம்மில் மிஞ்சுகிற தூளை வழித்தெடுக்கத்தானே பிளேடு, அதன் மேலேயே தூளைப் பூசுவார்களா என்று கேட்டேன். “புது மாப்ள மாரிடி அது. வறண்டு போயி வரும். மொதல்லயே கொஞ்சம் பூசி உட்டாதான் கடிக்காது” என்று சொல்லிவிட்டு என் மூக்கில் கறுப்பைத் தடவினீர்கள். எண்ணெய் போட்டால் என்ன என்றேன். “எண்ணெய் போட்டா டிரம்மு செத்துச்சி. இதுக்கு இதோட தூளுதான் ஆவும்.” நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், நகல் எடுக்க வந்திருந்த மாணவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

அந்தப் பாடம் உங்களுக்கு எப்படி வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கடை திறந்த புதிதில் முதல் தடவையாகப் பிளேடு மாற்றினீர்கள். பொறுப்பாக, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துத் துடைத்து, ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் மாட்டினீர்கள். அன்றைக்குப் பார்த்து ப்ராஜெக்ட் கொடுக்கக் கடைசி நாள். கடை வாசலில் நிற்க இடமில்லை. மிஷின் ஒரு கத்துக் கத்தியது. பிளேடு உள்பக்கமாக மடங்கிக்கொண்டு டிரம்மைக் கீறிவிட்டது. வந்த நகல் ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடு. பையன்கள் கூச்சல் போட்டார்கள். அந்த நேரத்தில் அண்ணன் வந்து பைக்கை நிறுத்தினான்.

அவனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? கூடப் பிறந்தவன் என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. காலையில் எழுந்ததும் பைக்கைத் துடைப்பான், வீட்டுக்குள் வரும்போது ஒரு தடவை துடைப்பான். சட்டை காலரில் கறுப்பு தெரிந்தால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். உங்கள் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டே, மிஷினைத் தொட்டால் கை அழுக்காகும் என்று எட்டியே நிற்பான்.

அன்றைக்கு எட்டி நிற்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் உங்கள் தலைமுடியைப் பிடித்து மிஷின் மூடியில் மோதினான். “மிஷின ஒழுங்கா வச்சிக்கத் தெரியாத முண்டத்துக்குக் கடை ஒரு கேடா?” நான் குறுக்கே விழுந்தேன். என்னைப் பிடித்துப் பேப்பர் கட்டுகள் மேல் எறிந்தான். உங்கள் உதட்டிலிருந்து வழிந்த ரத்தம், பிரித்து வைத்திருந்த வெள்ளைத் தாளில் சொட்டியது. கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஒருத்தன்கூட, ஒரே ஒருத்தன்கூட அவன் கையைப் பிடிக்கவில்லை.

மறுநாள் கடலூரிலிருந்து மெக்கானிக் வந்து யூனிட்டைப் பிரித்துப் பார்த்தவுடன், “தூள் போடாம மாட்டிட்டீங்களா?” என்றுதான் கேட்டார். வீங்கிய உதட்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டீர்கள். அப்புறம் நீங்கள் தூள் போடாமல் ஒரு பிளேடு மாட்டி நான் பார்த்ததில்லை. அது மட்டுமா, எழுத்துக் குறைவான விண்ணப்பப் படிவங்களாகவே நகல் எடுக்கிற நாளில், சாயங்காலம் ஒரு தாள் முழுக்கக் கறுப்பாக ஓட விடுவீர்கள். தூள் போகப் போகத்தானே பிளேடு வறளாமல் இருக்கும். “எம் மிஷினுக்கு ராத்திரி சாப்பாடு” என்பீர்கள்.

அண்ணன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். பார்த்தானே தவிர, ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு தடவை விலா எலும்பில் அடிபட்டு நீங்கள் நிமிர முடியாமல் கிடந்தபோது, அம்மா வந்து உட்கார்ந்து, “ஆம்பளன்னா கோவம் வரத்தான் செய்யும். நீதாம்மா கொஞ்சம் அனுசரிச்சிக்கிட்டுப் போவணும்” என்று ஆரம்பித்தது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தீர்கள். “பிளேடு டிரம்மக் கடிக்காம இருக்க நடுவுல தூளு போடறேன் அத்த. அந்தத் தூளு என்னா ஆவுது தெரியுமா? வழிச்சி குப்பைல கொட்டறோம். உங்க புள்ளைக்கு நான் தூளா இருக்க மாட்டேன்.” அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த மாதமே நீங்கள் கடை மாடியில் தனியாகக் குடிவந்தீர்கள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு உங்களோடு வந்துவிட்டேன். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து குடித்தனம் பண்ணுகிற அதிசயம் என்று தெருவே கேலி பேசியது. பேசட்டுமே! நிம்மதியாகச் சோறு தின்றோம்.

அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அன்றைக்கு நான் பேப்பர் வாங்கக் கடலூர் போயிருந்தேன். விடுமுறைக் காலம், அண்ணாமலை நகரே காலியாகக் கிடந்தது. ஆள் இல்லாத நேரத்தில் பிளேடு மாற்றிவிடுகிறேன் என்று காலையிலேயே சொன்னீர்கள். திரும்பி வரும்போது பஸ் புதுச்சத்திரம் தாண்டிக்கொண்டிருந்தது. போனில் அண்ணன். “செல்வி, ஒங்க அண்ணி மிஷின்ல ஷாக் அடிச்சி வுழுந்துட்டா. மேச முனையில மண்டை அடிபட்டு… பூட்டா.” அவன் அழுதான். நானும் நம்பி அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தரையில் ரத்தம் மட்டும் இருந்தது. பிளேடு மாட்டி முடித்து மிஷினை ஓட விடும்போது ஷாக் அடித்தது என்று அண்ணன் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கரண்ட் ஆபீஸ் ஆள் சோதித்துப் பார்த்து, கசிவு எதுவும் இல்லையே என்று தலையைச் சொறிந்தார். ஓட விட்டுப் பார்ப்போம் என்று பட்டனை அழுத்தினார்.

மிஷின் கத்தியது அண்ணி.

நீங்கள் பிளேடு மாட்டிய மிஷின் கத்தாது. ஓடிப்போய் யூனிட்டை வெளியே இழுத்தேன். பிளேடில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. நடுவில் மடங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் யூனிட்டைப் பிரித்து வைத்திருந்திருக்கிறீர்கள். புது பிளேடு இன்னும் கவரில் இருந்திருக்கிறது. அப்போதுதான் அவன் வந்திருக்கிறான். எல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் செய்ய எத்தனையோ தடவை தான் பார்த்த வேலைதானே என்று அவனே அதை மாட்டி, உள்ளே தள்ளி, வயரையும் சொருகியிருக்கிறான். திரும்பிப் பார்த்தேன். அடப்பாவி, கர்ச்சீப்பை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் காலரைப் பிடித்து முகத்தில் அறைந்தேன். மறுபடியும் அறைந்தேன். “இந்த பிளேட நீதான்டா மாட்டுன! நீதான்டா மாட்டுன!” வளையல் உடைந்து என் கையெல்லாம் ரத்தம். அவன் என் கழுத்தைப் பிடித்தான். போலீஸ்காரர்கள் இழுத்துப் பிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. “எங்க ஸ்டேஷன் மிஷினும் இப்டிதாம்மா கத்துது” என்றார்.

“அங்கயும் தெரியாதவன்தான் சார் மாட்டியிருப்பான்” என்றேன்.

அதற்கப்புறம்தான் கடையை மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பி பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் கிடைத்தது. வருஷக்கணக்கில் துருவும் தூசியுமாகக் கிடந்த கம்பி, ஈரத்தோடு, கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

இன்று கோர்ட் வராந்தாவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. “கூடப் பொறந்தவன்டி. ஷாக்குன்னே இருந்துட்டுப் போவட்டும். நீ வாயத் தொறந்தா எனக்குக் கொள்ளி போட ஆளு இல்லடி.”

“நான் போடறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சாட்சிக் கூண்டில் ஏறி நின்றபோது விரலில் அந்தக் கடை மைத்தூள் அப்படியே இருந்தது. அண்ணன் எதிரே நின்றான். சட்டை சலவை மடிப்புக் கலையாமல் இருந்தது. அவன் கண் என் விரலிலேயே இருந்தது. தூள், பிளேடு, டிரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வக்கீல் எழுந்தார். தலையில் பட்ட காயம் விழுந்ததாலும் ஏற்பட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “எத்தனையோ வாட்டி தூள் போட்டிருக்கலாம்மா. மனுஷங்கதானே? அன்னைக்கி ஒரு நாள் உங்க அண்ணி மறந்திருக்கக் கூடாதா?”

முதல் தடவை பிளேடு மாற்றிய அன்று மிஷின் மூடியில் மோதிய உங்கள் நெற்றி என் கண் முன்னால் வந்தது.

“அது மறக்கற விஷயம் இல்லீங்க” என்றேன். “தோ நிக்கறாரே எங்க அண்ணன், அவருதான் அடிச்சிச் சொல்லிக்குடுத்தாரு. ஆனா அடிச்சாரே தவிர, எதுக்கு அடிச்சோம்னு அவருக்கே தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா தூள் போட்டு மாட்டியிருப்பாரு.”

உடனே அவன், “ஏய் செல்வி! வெளிய வாடி, ஒன்னையும் அவ போன எடத்துக்கே அனுப்பறேன்!” என்று தடுப்பைத் தாண்டி என் மேல் பாய்ந்தான். கான்ஸ்டபிள்கள் அவனைத் தரையோடு அமுக்கினார்கள். நான் நகரவில்லை. நீதிபதி பார்த்துக்கொண்டே இருந்தார். ‘அவ போன எடத்துக்கே அனுப்பறேன்’ என்று அவன் வாயாலேயே சொன்னதை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை அண்ணி. என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஷாக் அடித்துச் செத்தாள் என்று இனி ஒருத்தரும் உங்களைப் பற்றிப் பேச முடியாது, அது மட்டும் தெரியும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது புதுச்சத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். நேராகக் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினேன். நம் மிஷினுக்குப் பிளேடு தேய்ந்துவிட்டது. புதுசு வாங்கி வைத்திருந்தேன். பேப்பர் விரித்து, யூனிட்டைப் பிரித்து, காலையில் பட்ட கறுப்பு போகாத அதே விரலால் விளிம்பு முழுக்கத் தூள் பூசி மாட்டினேன். சாப்பாடு போடுகிற மாதிரி ஒரு தாள் முழுக் கறுப்பாக ஓட விட்டேன்.

சத்தமே இல்லை அண்ணி. நீங்கள் மாட்டினது மாதிரியே இருந்தது.