தண்ணீர் இறங்கும் நேரம்

இன்று காலையும் கழிச் சேறு நாறியது. உனக்குத் தெரியுமே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நம் கழியில் தண்ணீர் இறங்கி, அடிமண் வெயிலைப் பார்த்ததும் கிளம்புமே, அழுகிய முட்டை மாதிரி, அதே நாற்றம்தான். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மூக்கில் ஏறியதும் பானையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து கடலைப் பார்த்தேன். நீ செத்துப்போன பிறகு இந்தப் பயத்தைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் உள்ளே போனால் எனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. சுனாமி அன்று முதல் அலை வந்து திரும்பியதும் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. அடித்துக்கொண்டு போன அண்டாவைத் தேடி என் மாமியார் ஈர மணலில் இறங்கினார். அடுத்த அலை அவர் மேலேயே வந்து விழுந்தது. அந்த அண்டா மட்டும் மறுநாள் சவுக்குத் தோப்பில் கிடைத்தது.

அடுத்த வருஷம் நம் குப்பத்துப் பெண்களுக்கு நண்டு வளர்க்கும் வேலை வந்தது. படகும் வலையும் போன வீடுகளுக்கு ஏதாவது வேண்டுமே. கழியில் மூங்கில் நட்டு, சுற்றி வலை கட்டி, சதை பிடிக்காத சேற்று நண்டுகளை அந்தப் பட்டிக்குள் விட்டு, மீன் கழிவைப் போட்டு வளர்த்து, சதை பிடித்ததும் எடுத்து விற்பது. நல்ல வேலைதான். யார் படகையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம். ஆனால் பாழாய்ப்போன அந்த வேலையில், நண்டைத் துழாவி எடுப்பதும் வலைக் கிழிசலைக் கட்டுவதும் தண்ணீர் இறங்கும்போதுதான் முடியும். நான் எந்த நேரத்தைக் கண்டால் ஓடுவேனோ, அதே நேரத்தில் இறங்கச் சொன்னார்கள்.

"நான் வரல. இன்னா வேணா சொல்லிக்கோ" என்றேன்.

"வராத. கரையில குந்திக்கினு தண்ணியப் பாத்துக்கினு இரு. ஏதாச்சும்னா ஒரு கொரல் குடு, ரெண்டு பேரும் ஓடிப்போலாம்" என்றாய்.

ஊரே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. பல வாரம் கரையில் குந்தியிருந்தேன். பிறகு, உனக்குக் கூடை பிடிக்க ஆள் இல்லை என்று கணுக்கால் வரைக்கும் இறங்கினேன். அப்புறம் முழங்கால் வரைக்கும். நீதான் கூடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு நகர்த்தினாய், திருட்டுக் கழுதை.

சினை பிடித்த நண்டு வந்தால் நீ விற்க விடமாட்டாய். வியாபாரி அதைத்தான் முதலில் கேட்பான். நீயோ அதைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு, நாம் கழிச் சேற்றில் நட்ட அலையாத்திக் கண்டல் செடிகளைத் தாண்டி, முகத்துவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாய். "இதையும் வித்துத் தின்னுட்டா அப்பால கழியில இன்னாத்தப் பொறுக்கறது? சேத்தையா?" என்பாய். எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

நீ அப்படிப் போயிருந்த ஒரு காலையில்தான் குப்பத்துப் பக்கமிருந்து அந்தக் கூச்சல் கேட்டது. "தண்ணி வருது! தண்ணி வருது!"

நான் பட்டிக்குள் நின்றிருந்தேன். எப்படிக் கரையேறினேன், எப்படி உப்பள வரப்பில் ஓடினேன், ஒன்றும் நினைவில்லை. ஈசிஆர் ரோட்டில் நின்று மூச்சு வாங்கியபோது ஊரே அங்கே அழுதுகொண்டிருந்தது. உன்னைக் காணோம். உன் மகள் என் புடவையைப் பிடித்து, "அம்மா எங்க சித்தி?" என்றாள். "அது கழிக்குள்ளதான ஓடிச்சு" என்றார் யாரோ.

நான் திரும்பி ஓடினேன். எனக்கு ஒன்றும் வீரம் வந்துவிடவில்லை. ஐயோ, நீ இல்லாமல் போய்விடுவாயோ என்ற பயம் தண்ணீர்ப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். எதிரே யாருமே வரவில்லை.

நீ பட்டிக்குள் இருந்தாய். குனிந்து, மார்பு நனைய, சேற்றைத் துழாவிக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாய். பயம் வந்தால் நான் மரமாக நின்றுவிடுவேன், ஓடமாட்டேன் என்று நினைத்து, முகத்துவாரத்திலிருந்து நேரே என்னைத் தேடி வந்திருக்கிறாய். உன் விரலை நண்டு கவ்விக் கிழித்திருந்தது. அது கூட உனக்குத் தெரியவில்லை.

"எங்கடி போய்த் தொலஞ்ச? கூப்டா வாயத் தொறக்க மாட்டியா?" என்று என் முதுகில் ஓங்கி அடித்தாய். உன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. உனக்கும் என் அளவுக்குப் பயம் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். தண்ணீர் வரவே இல்லை. யாரோ கிளப்பிவிட்ட புரளி.

அதற்குப் பிறகு நீ ஒரு சட்டம் போட்டாய். வேலை முடிந்ததும் ஒருத்தி எல்லார் பெயரையும் கூப்பிட வேண்டும். ஒவ்வொருத்தியும் "இருக்கேன்" சொல்ல வேண்டும். கடைசிப் பதில் வரும் வரைக்கும் யாரும் கரையேறக் கூடாது. "இது இன்னா பள்ளிக்கூடமா?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, சேத்துலயே நில்லு" என்றாய்.

பிறகு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக, உன் காலாலேயே நடந்து வந்துதான் ஆட்டோவில் ஏறினாய். பிணமாகத் திரும்பி வந்தாய். கடலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சாவு காய்ச்சல் வழியாகவும் வரும் என்று தோன்றவே இல்லை.

காரியம் முடிந்து முதல் முறை பட்டிக்கு இறங்கிய அன்று, பெயர் கூப்பிட்டவள் பழக்கத்தில் உன் பெயரையும் கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்ட பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் அசையவில்லை. கரை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் பதில் வரவில்லையே, எப்படி ஏறுவது? இறங்கிய தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியது. என் முழங்காலில் அது ஊர்வது தெரிந்தது. அலறிவிடுவேன் போலிருந்தது. வாயைத் திறந்தேன்.

"இருக்கேன்" என்று வந்தது.

எல்லோரும் கரையேறினோம்.

இந்த வருஷம் கண்டல் வேரடியில் குட்டி நண்டுகள் ஓடுகின்றன. அன்று முணுமுணுத்தவர்களே இப்போது சினை நண்டை முகத்துவாரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உன் பெயரை நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை. தினமும் கூப்பிடுகிறார்கள், நான்தான் பதில் சொல்கிறேன். பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் கடலை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கழியில் கால் வைக்கிறேன். ஆனால் நான் போகாவிட்டால் உன் பெயருக்குப் பதில் வராது. எல்லோரும் சேற்றிலேயே நிற்பார்கள்.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் கிளம்புகிறேன்.