வேறு வீட்டு லென்ஸ்

மருதமுனை,
05.01.2025

அன்புத் தோழி செலீனாவுக்கு,

உன் வீட்டில் சமாதானம் தங்கட்டும். அல்லாஹ்வின் அருளால் நானும் ஜெஸீமும் நலம். சுவிஸ் குளிரில் யோசப் அண்ணனின் முழங்கால் என்ன பாடு படுகிறது? றெஜிதாவுக்குப் புது வேலை கிடைத்தது பெரிய சந்தோசம். இங்கே மழை விட்டபாடில்லை. கொடியில் மூன்று நாளாகக் காயாத உடுப்பு தொங்குகிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நெற்றியைச் சுருக்காதே. போனில் சொன்னால் இரண்டாவது வசனத்திலேயே நீ குறுக்கே விழுந்து கத்துவாய். கடிதத்தில் அது முடியாது. ஆகவே முதலில் கதிரையில் இரு.

நீ விட்டுப்போன பிலிம் கமராவில் வேறு கம்பெனி லென்ஸ் ஒன்றைப் பூட்டிவிட்டேன். ஓம், விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏறிய பிறகும் தலையை வெளியே நீட்டி, "அந்தக் கமராவுக்கு அதிண்ட கம்பெனி லென்சத் தவிர ஒண்டும் போடாத" என்று சொன்னாயே, நீ வேண்டாம் என்ற அதையேதான் செய்திருக்கிறேன்.

உன் லென்ஸின் மோட்டார் போன நோன்புக்கு முன்பே செத்துவிட்டது. இந்தக் கடற்காற்றில் பதினேழு வருடம் உழைத்ததே பெரிது. பொத்தானை அழுத்தினால் தானாக ஃபோகஸ் பிடிப்பது நின்றது. திருத்தப் பாகம் இல்லை என்றார்கள். அதே கம்பெனியின் புதுசு எனக்கு எட்டாத விலை. பரவாயில்லை, வளையத்தைக் கையால் திருப்பிக்கொள்வோம் என்று இருந்துவிட்டேன். என் திமிர் உனக்குத் தெரியும். என் கண் பார்க்காததை மெசின் பார்க்குமா என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! அந்தக் கண்ணில்தான் படலம் விழத் தொடங்கியிருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நம்மோடு படித்த றபீக்காவின் மூத்த மகள் ஸம்ஹாவின் கலியாணத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. போன ஜூலையில், நிந்தவூரில். பெண்கள் பக்கம் முழுவதும் என் பொறுப்பு. நீயும் நானும் தொடங்கிவைத்த ஒழுங்கில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. வாசலில் ஓலைப்பெட்டியை வைத்து எல்லாருடைய போனையும் வாங்கிவிட்டார்கள். உள்ளே பிலிம் மட்டும். கறுப்பு வெள்ளை. என் குளியலறை யன்னலை அடைத்து, பிலிமை நானே கழுவி, நானே தாளில் படம் போட்டு, நெகட்டிவையும் பெண்ணின் உம்மா கையில் கொடுத்தேன். வழக்கம்போல எனக்கென்று ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. யாருடைய போனிலும் தங்கள் பிள்ளையின் முகம் ஊர் சுற்றாது என்ற நம்பிக்கையில்தானே சம்மாந்துறையிலிருந்தும் என்னைத் தேடி வருகிறார்கள்.

நம்பிக்கை கெடவில்லை, படம்தான் கெட்டது. மாப்பிள்ளை உள்ளே வருமுன் றபீக்கா மகளின் முகத்திரையை விலக்கி, கன்னத்தில் கைவைத்து, நெற்றியில் கொஞ்சினாள். அந்த ஒரு படத்துக்காகத்தான் அவள் என்னைக் கூப்பிட்டதே. பின்சுவரில் தொங்கிய மணிக்கூடு கத்திபோல் தெளிவு. பதினொன்று இருபது. தாயும் மகளும் சோற்றுப்பானை ஆவிக்குள் நின்றதுபோல் மங்கல்.

றபீக்கா படத்தைப் பார்த்து, "நேரம் நல்லா விளங்குது புள்ள" என்றாள். அவள் சிரித்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் படலம் என்பதை அன்றுதான் ஒரு மனிதரிடம் ஒப்புக்கொண்டேன். அவள் ஏசவில்லை. "ஒண்ட கண்ணுக்குக் கண்ணாடி போட்டாப்போல கமராக்கும் நல்ல கண்ணொண்டு போடு. ஹிமாயாட கலியாணத்தில எனக்கி அந்தப் படம் வேணும்" என்றாள். ஹிமாயா இளையவள். அவளுடைய கலியாணம் இந்த வருடக் கடைசியில் என்றிருந்தது. இப்போது பெப்ரவரி இரண்டாம் திகதிக்கு முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். ஏன் அவசரம் என்று என்னைக் கேட்காதே. றபீக்காவுக்கு மூன்றாவது மகள் இல்லை. ஆகவே எனக்கும் இன்னொரு தவணை இல்லை.

இனி லென்ஸ் கதை. வேறு கம்பெனிக்காரன் செய்த லென்ஸ் மலிவு, இந்தக் கமராவின் வாய்க்கும் பொருந்தும். நம் ஊர் மாப்பிள்ளைமாரும் வேறு வீட்டில் பிறந்து பெண் வீட்டில் குடியிருக்க வருகிறவர்கள்தானே. சிலர் பொருந்துகிறார்கள், சிலர் இல்லை. பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வந்த மாப்பிள்ளை சரியில்லை. அழகாகப் பூட்டியது, ஃபோகஸும் பிடித்தது. கடற்கரையில் தோணிகளை ஒரு ரோல் எடுத்துக் கழுவினால், ஒவ்வொரு படத்திலும் நாலு மூலையும் கறுப்பு. கிணற்றுக்குள் இருந்து எட்டிப் பார்ப்பதுபோல. சின்ன டிஜிட்டல் கமராக்களுக்கென்று செய்த லென்ஸாம். அதன் வெளிச்ச வட்டம் நம் பிலிம் முழுவதையும் மூடாது. நான் கேட்காமல் வாங்கியது என் பிழை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது முறை கொழும்புக் கடைக்காரர் ஸிராஜை வாய் திறக்க விடாமல் கேட்டேன். முழு பிலிமையும் மூடுமா? மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறதா? பழைய கமராவோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி எடுப்பீரா? "பிலிம் கமராக்கா ராத்தா? மியூசியத்துல இருந்தா கதைக்கிறீங்க?" என்றார். ஓம் தம்பி, அங்கே நான்தான் பொறுப்பாளர் என்றேன். பார்சல் பஸ்ஸில் வந்தது. ஐம்பது எம்எம், கைக்குள் அடங்கும்.

இந்த முறை ஏமாறவில்லை. சில லென்ஸ் முழுதாய்த் திறந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்குமாம், வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சுருக்கியதும் கமராவையே இயங்கவிடாமல் பூட்டிவிடுமாம். அதனால் பிலிம் போடாமலே ஒவ்வோர் அளவிலும் அழுத்திப் பார்த்தேன். பூட்டவில்லை. பிறகு ஜெஸீமை யன்னலோரம் இருத்தி ஒரு ரோல் எடுத்தேன். தாடியில் நரை எத்தனை என்று எண்ணலாம். அவருக்குப் படம் பிடிக்கவில்லை, எனக்கு நன்றாகப் பிடித்தது. ஒரே குறை, ஃபோகஸ் தேடும்போது கிர்ர் என்று சத்தம் போடுகிறது. பெண்கள் கூடிக் குரவை போடுகிற இடத்தில் அது யார் காதில் விழும்?

பயப்படாதே. இந்த முறை மணிக்கூட்டை எடுக்கமாட்டேன். எனக்காக உன் மாதாவிடம் ஒரு மெழுகுதிரி கொளுத்து. நானும் கேட்கிற இடத்தில் கேட்கிறேன்.

உன்,
ஹாஜறா


மருதமுனை,
13.02.2025

அன்பின் செலீனா,

உனக்கும் வீட்டாருக்கும் இறைவன் சுகம் தரட்டும். நீ அனுப்பிய பதினொரு நிமிடக் குரல் பதிவு கிடைத்தது. இரண்டு மடங்கு வேகத்தில் போட்டுக் கேட்டேன். ஏச்சு இன்னும் அழகாக இருந்தது. கண் ஒப்பரேசனுக்கு ஏப்ரலில் திகதி தந்திருக்கிறார்கள், அதைப் பற்றி இனிக் கதைக்காதே.

ஹிமாயாவின் கலியாணம் நல்லபடி நடந்தது. மழையும் அன்றைக்கு மட்டும் மரியாதையாக நின்றது. ஓலைப்பெட்டிக்குள் இருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலற, காவலுக்கு இருந்த மூத்தம்மா பெட்டியின் மேல் தலையணையை வைத்து அமர்த்திவிட்டார். நான்கு ரோல் எடுத்தேன். லென்ஸ் மாப்பிள்ளை ஒழுங்காகக் குடும்பம் நடத்தினார். ஆனால் முகத்திரை போட்டிருந்தபோது முகத்தை விட்டுவிட்டு வலையைப் பிடித்தார். அப்படி நாலைந்து படம் வீண்.

பிறகு நான் காத்திருந்த நேரம் வந்தது. அறையில் எல்லாரும் எழும்பி நின்றார்கள். றபீக்கா வந்தாள். மகளின் திரையை விலக்கினாள், கன்னத்தில் கைவைத்தாள். நான் முகத்துக்கு நேரே வைத்து அழுத்தினேன். கிர்ர். லென்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது, நிற்கவில்லை. றபீக்கா வெள்ளை முக்காட்டை நெற்றியில் வழக்கத்தைவிடக் கீழே இறக்கிக் குத்தியிருந்தாள். மகளும் வெள்ளை உடுப்பு. இந்த லென்ஸுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும், செலீனா. றபீக்காவின் முகத்தில் அடர்ந்த புருவம் இருந்த இடத்தில் ஹிமாயா பென்சிலால் இட்ட மெல்லிய கோடுதான் இருந்தது. அது போதவில்லை.

என் கை தானாக வளையத்துக்குப் போனது. பழைய திமிர். கையால் திருப்பிவிடு, உன் கண் பார்க்கும் என்றது. ஜூலை மாதமும் அதுதான் அப்படிச் சொன்னது. மணிக்கூட்டை நினைத்துக் கையை எடுத்தேன்.

மகளின் கன்னத்தில் இருந்த கையில் பொன் வளையல் இருந்தது. முகமும் கையும் எனக்கு ஒரே தூரம். நடுப் புள்ளியை வளையலில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தினேன். ஒரு கிர்ர், பிடித்துவிட்டது. விரலை எடுக்காமல் கமராவை அவள் முகத்துக்கு உயர்த்தினேன். றபீக்கா கொஞ்சினாள். யாரோ குரவை போட்டார்கள். மிச்சத்தையும் அழுத்திப் படத்தை எடுத்துவிட்டேன். கழுவிப் பார்க்குமுன்பே தெரியும், கிடைத்துவிட்டது என்று. கர்வம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

கழுவிய பிறகு இந்தக் கர்வக்காரி குளியலறைத் தரையில் குந்திவிட்டாள். படம் அவ்வளவு தெளிவு. ஃபோகஸ் பிடித்த வளையல்தான் எல்லாவற்றிலும் தெளிவு. அது கழன்று விழாமலிருக்க நூல் சுற்றிக் கட்டியிருந்தாள். அந்த நூலின் முடிச்சுக்கூட விளங்குகிறது. பள்ளிக்கூடத்தில் நம்மைச் சீண்டியவர்களுக்கு உனக்கும் எனக்கும் சேர்த்து அடி போட்ட அந்தக் கை அது. நீயே பார், நான் எழுதமாட்டேன்.

நெகட்டிவையும் படங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். றபீக்கா அந்தப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தாள். "வளையலக் கழட்டி வெச்சிட்டு நிண்டிருக்கலாம்" என்றாள். கழற்றியிருந்தால் எனக்குப் படமே கிடைத்திராது என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவில்லை, அதை மட்டும் எழுதுகிறேன்.

பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு விளங்க நேரமெடுத்தது. "இதில இன்னொண்டு போட்டு செலீனாக்கு அனுப்பு." நான் திகைத்துப்போனேன். பதினேழு வருடத்தில் பெண்கள் பக்கப் படம் ஒன்றுகூட கலியாண வீட்டை விட்டு வெளியே போனதில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவளே நீ. அதைச் சொன்னேன். "நெகட்டிவ் என்ட. நான் சொல்றன். அவள் நம்மட ஆள்" என்றாள். என்ன எழுதி அனுப்ப என்று கேட்டேன். "நீ ஒண்டும் எழுதாத. நீ எழுதமாட்டாய் எண்டு எனக்கி வாக்குத் தந்திரிக்காய். அவளுக்குக் கண் நல்லம், அவள் பாப்பாள்" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதத்தோடு படம் வருகிறது. பின்புறத்தில் இருப்பது அவளுடைய கையெழுத்து. "யோசப்புக்குக் காட்டாத" என்று எழுதியிருக்கிறாள். நெகட்டிவை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவள் வீடியோவில் வருவதில்லை, போன் கமரா பழுது என்கிறாள் என்று நீ குறைப்பட்டாய். அவளுடைய போன் கமராவில் ஒரு பழுதும் இல்லை.

நான் வாக்கு மீறவில்லை, செலீனா. லென்ஸைப் பற்றித்தான் எழுதினேன். ஓகஸ்ட் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாய். மார்ச் பிறக்க நோன்பு. நீ ஒரு பேணி நிறையக் குடித்துவிட்டு மறுபடியும் கேட்கிற கஞ்சியை, இந்த முறையும் தானே காய்ச்சப்போவதாக றபீக்கா சொல்லியிருக்கிறாள். மகள்மார் வேண்டாம் என்கிறார்கள், அவள் கேட்பதாயில்லை. வந்து குடி. வேறு கம்பெனி லென்ஸுக்காக என்னை ஏச மிச்சமிருப்பதை நேரே நின்று ஏசு.

இதை மடித்து வைத்துவிட்டு முதலில் விமானச் சீட்டை எடு. யாவற்றையும் அறிந்தவன் உன் பயணத்தை இலகுவாக்கட்டும். ஓகஸ்ட் வேண்டாம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ஹாஜறா