காயாத தூள்

மார்கழி, செவ்வாய்க்கிழமை

செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் தூள் கலப்பது என் வேலை. நைலோன் தூளோடு காபன் நாரைக் கலந்து காயவைத்துக் கொடுத்தால், இயந்திரம் அதைப் படை படையாக உருக்கிக் காலாக்கிவிடும். தூளில் ஈரம் இருந்தால் கால் உறுதியாக இராது. நறுவிலிக்குளத்து யோகராணி அக்கா களை பிடுங்கப் போகவேண்டும், கால் கெதியாக வேண்டும் என்று கேட்டதால், போன கிழமை மழைக்குள் தூள் முழுதாகக் காயுமுன்பே எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்று அக்கா கோலூன்றி வந்தார். வரம்பில் நடக்கும்போது கால் உடைந்து விழுந்திருக்கிறார். நெற்றியில் காயம்.

"நான்தான் பிழையா மிதிச்சிட்டன் போல. குறை நினைக்காதேங்கோ, தங்கச்சி."

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது.

"இல்லை அக்கா, பிழை என்னில. தூள் காயமுந்தி எடுத்திட்டன்" என்றேன்.

அவர் கதிரையில் அமர்ந்து அழத் தொடங்கினார். நான் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன்.

"அதுக்கில்லை. சண்டை முடிஞ்சு திரும்பி வந்து குடியேறின வருசம் மிதிவெடியில கால் போனபோதும், பார்த்து மிதிச்சிருக்கலாமே எண்டுதான் எல்லாரும் சொன்னவை. பிழை என்னில இல்லையெண்டு இண்டைக்குத்தான் ஒராள் சொல்லுது."

தூள் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுக்கால் தருவேன் என்றேன்.

"ஓம், ஆறுதலாக் காயட்டும்" என்றார்.