ஒன்பதரை அடிப் பலகை

அடி அண்ணாமலை
30.1.2002

அன்புள்ள மாமாவுக்கு மணிமொழி எழுதுவது. நான் நல்லா இருக்கேன். வயித்துல இருக்கறது ராத்திரி பூரா உதைச்சுத் தூங்க விடறதில்லை, அப்பா மாதிரியே அடங்காத பிறவி. எஸ்.டி.டி. பூத்துல பின்னாடி நாலு பேர் காதைக் குடுத்துக்கிட்டு நிக்கறாங்க. அதான் கடிதம்.

தலைப்பிரசவத்துக்குப் பொண்டாட்டியை அம்மா வீட்டுல விட்டுட்டு, அலை மேல நிக்கக் கத்துக்கறேன்னு கிளம்பியிருக்கீங்களே, உங்களை என்ன பண்றது? எங்க கிணத்துல குதிங்கன்னப்ப படிக்கட்டை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்ன ஆளு! தொட்டிலுக்கு நல்ல கட்டை பாருங்கன்னு சொன்னா கடல் பலகை பாக்கறாராம்.

டாக்டரம்மா இருபதாம் தேதி வாக்குல ஆகும்னாங்க. எனக்கென்னவோ முன்னாடியே வந்துடும்னு தோணுது. நீங்க பத்தாம் தேதியே வந்துடுங்க. அம்மா, தருமன் அண்ணன் எல்லாரும் இருக்காங்கதான். ஆனாலும் பயமா இருக்குது மாமா. நீங்க பக்கத்துல இருந்தா கம்மியாகும்.

உங்கள்
மணி


மாமல்லபுரம்
5.2.2002

என் மணிக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. திட்டறதுக்குத் தெம்பு இருக்குதேன்னு சந்தோஷம்.

பலகை எடுத்தாச்சு! நம்ம லாட்ஜுல தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது ரெண்டு பலகையைச் சுவத்துல சாத்தி, உனக்குப் புடிச்சதை எடுத்துக்கோன்னுட்டார். ஒண்ணு குட்டை, மூக்கு கூரா, பாக்க ஜோரா இருந்தது. பசங்க எல்லாம் அதைத்தான் எடுக்கச் சொன்னாங்க. நான் நீளத்தை எடுத்தேன். ஒன்பதரை அடி! ரூமுக்குள்ள நுழையாம வாசல்ல படுத்துக் கெடக்குது. குட்டை வெடுக்குனு திரும்புமாம், ஆனா கொஞ்சம் அசைஞ்சாலும் ஆளைத் தள்ளிடும். நீளம் மெதுவாத்தான் திரும்பும், ஆனா தாங்கும். ரெண்டு பேரைக்கூடத் தாங்கும்னார். அப்பவே முடிவு பண்ணிட்டேன். பின்னால நான், முன்னால நீ, உன் மடியில பாப்பா.

இப்ப மணல்ல போட்டு, குப்புறப் படுத்து, கையை ஊணி எகிறி நிக்கப் பழகறேன். யாராவது பின்னாலிருந்து திடீர்னு தள்ளினா எந்தக் கால் முன்னால வருதோ அதைத்தான் முன்னால வைக்கணுமாம். எனக்கு வலது. மணல்ல எல்லாம் சரியா வருது. தண்ணியில எறங்கினா கால் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. நேத்து முட்டி போடற வரைக்கும் வந்துட்டேன்.

கோவிச்சுக்காத. லீவு கேட்டா லாட்ஜுல குடுப்பாங்க. ஆனா இந்த வாரம் அலை சின்னதா, கத்துக்கறதுக்குத் தோதா வருது. ஒரே ஒரு தடவ நின்னுட்டு வந்துடறேனே. பதினஞ்சாம் தேதி அங்க இருப்பேன், சத்தியம். இருபதுன்னுதானே சொல்லியிருக்காங்க.

உன்
இளவரசன்


மாமல்லபுரம்
12.2.2002, காலை

மணி! நின்னுட்டேன்டி!

டீக்கடை பெஞ்சுல ஒக்காந்து எழுதறேன். பேப்பர் நனைஞ்சிருந்தா அது கடல் தண்ணி. அப்பத்தான் விடிஞ்சுது. பின்னாடி அலை வந்து பலகையைத் தூக்குச்சு, கையை ஊணினேன், அவ்ளோதான், நிக்கறேன்! ஐயோன்னு கத்திட்டேன். வலை இழுக்கறவங்க எல்லாம் திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க. மணல் தட்டற வரைக்கும் விழலை மணி.

வயித்து மேல கையை வெச்சு பாப்பாகிட்ட சொல்லு. உங்கப்பன் நின்னுட்டான், உனக்கும் கத்துக்குடுப்பான், பயப்படாம வந்து சேருன்னு சொல்லு.

எனக்கு இன்னிக்கு சாயந்திரம்தான் டியூட்டி. இதைப் பெட்டியில போட்டுட்டு மறுபடி எறங்கப் போறேன். வெள்ளிக்கிழமை பாக்கலாம்.

உன்
இளவரசன்


அடி அண்ணாமலை
17.2.2002

அன்புள்ள மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்க பஸ் ஏறிப் போனீங்க. சனிக்கிழமை உங்க கடிதம் வந்தது, பன்னெண்டாம் தேதி எழுதினது. குடுக்கலாமா வேணாமான்னு அம்மா ரொம்ப நேரம் கையிலயே வெச்சுக்கிட்டு நின்னாங்க.

நீங்க இங்க இருந்த மூணு நாளும் நான் பேசலை. இப்ப சொல்றேன். அதே பன்னெண்டாம் தேதி விடியக்காலையிலதான் அவ பொறந்தா. பூஞ்சையா இருந்தா, ஆனா அழுதா. ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னாங்க டாக்டரம்மா. அண்ணன் திரும்பத் திரும்ப லாட்ஜுக்குப் போன் போட்டுச்சு. கடல்ல இருக்காருன்னு சொன்னாங்க. மதியம் வரைக்கும் மூச்சு இருந்தது. இருட்டறதுக்குள்ள எடுத்துடணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. பெத்தவன் கையிலதான் அவ குழிக்குப் போகணும். அண்ணன் கையில போனா. நீங்க கடைசி பஸ்ஸுக்கு வந்தீங்க.

பத்தாம் தேதி வாங்கன்னு கேட்டேனே மாமா.

உங்க கடிதத்தைப் படிச்சேன். எவ்வளவு சந்தோஷம் அதுல! கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்லை. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

நான் இனிமே அங்க வரலை. கோபத்துல சொல்லலை. கோபமா இருந்திருந்தா நேர்லயே வந்து சண்டை போட்டிருப்பேன், என்னை உங்களுக்குத் தெரியும். காலையில எழுந்து வாசல்ல அந்தப் பலகையைப் பாக்கவும் முடியாது, அதைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்லவும் எனக்கு மனசு வரலை. வெச்சுக்கோங்க. ஆனா தனியா மட்டும் எறங்காதீங்க.

உங்க துணிமணியை அண்ணன் கொண்டாந்து குடுக்கும். நீங்க போட்ட கடிதம் எல்லாத்தையும் அது கூடவே கட்டி வெச்சிருக்கேன். பன்னெண்டாம் தேதிக் கடிதம் மட்டும் அதுல இருக்காது, தேடாதீங்க. அவ உசிரோட இருந்தப்ப அவளுக்கு அவங்கப்பா சொன்னது அது ஒண்ணுதான்.

மணிமொழி