அட்டைப்படத்தில் நிற்கிற ஆள்

பிப்ரவரி 4, 2025

பிளக்ஸ் கடையில் இன்றைக்கு மூன்று காதுகுத்து, ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கம்ப்யூட்டரில் செய்தேன். மத்தியானம் மணிமொழி போன் பண்ணினாள். கல்லூரியில் கூடப் படித்தவள், இப்போது சென்னையில் பதிப்பகம் வைத்திருக்கிறாள். ஒரு அறிவியல் புனைகதை நாவலுக்கு அட்டைப்படம் வேண்டுமாம். "கம்ப்யூட்டர்ல வேணாம் இசை, கையால வரைஞ்சு குடு."

பிரஷ்ஷைத் தொட்டு ஒரு வருஷம் ஆகிறது. சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 9

நாவலைப் படித்தேன். செம்மண் கிரகம் ஒன்று. இரண்டு பேர் போகிறார்கள், ஒருவன் மட்டும் திரும்புகிறான். திரும்பியவனை ஊர் கேட்கிற கேள்விகள்தான் பாதிப் புத்தகம். நடுவில் மூடி வைத்துவிட்டு அடுப்படியில் போய்ச் சும்மா நின்றேன்.

போன வருஷம் மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், கரியாலூரிலிருந்து மலை இறங்கும்போது வண்டி சறுக்கியது. ஓட்டினது என் வீட்டுக்காரர் சுபாஷ். பின்னால் என் தம்பி அஜய். இருந்தது ஒரே ஹெல்மெட். போட்டிருந்தவர் பிழைத்தார்.

நான் அவரை எதுவும் கேட்கவில்லை. அம்மா கேட்டாள், தியாகதுருகத்து வீட்டு வாசலில், எல்லார் முன்னாலும். "உந்தலைய மட்டும் காப்பாத்திக்கினு வந்துட்டியாடா?" அதன் பிறகு அவர் அங்கே போகவில்லை.

பிப்ரவரி 17

பாறையும் மண்ணும் வந்துவிட்டன. ஆள் வரவில்லை. விண்வெளி உடுப்புக்குள் யாரைப் போட்டாலும் பொம்மை மாதிரி நிற்கிறது.

பிப்ரவரி 18

வரவில்லை.

பிப்ரவரி 23

இன்றைக்கு வந்தது. ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் கண், மூக்கு, மேலுதட்டில் அந்தத் தழும்பு – கை தானாகப் போட்டது. அஜய். படத்திலாவது போட்டுக்கொண்டிருக்கட்டும்.

அவர் வேலையிலிருந்து வந்து பார்த்தார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மார்ச் 2

மணிமொழிக்குப் படம் பிடித்திருக்கிறது. முகம் மட்டும் வேண்டாமாம். "கதையில திரும்பி வர்றவனுக்கு நாப்பது வயசு, இது சின்னப் பையன். கண்ணாடியில வெயில் பட்டு உள்ள ஒண்ணும் தெரியாத மாதிரி பண்ணிடு இசை."

அது அஜய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

மார்ச் 3

வெள்ளையைக் குழைத்து வைத்தேன். அப்படியே காய்ந்துபோயிற்று. தம்பி மொகத்த நானே அழிக்கணுமா? என்னால ஆவாது.

மார்ச் 6

அவர்தான் கேட்டார், "இன்னா, இன்னும் அனுப்பலியா?" சொன்னேன். "நாப்பது வயசு ஆளுதானே, நான் நிக்கறேன்" என்றார்.

பக்கத்து வீட்டு ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கி வந்தார். போட்டுக்கொண்டு மாடி வெயிலில் நின்றார். நான் தோளை வரைந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான் கழட்டிக் குடுத்தேன் இசை. 'நீ போட்டுக்க மாமா, ஓட்றவனத்தான் புடிப்பாங்க'ன்னான். திருப்பி என் தலையில மாட்டி வுட்டுட்டான். நான் வுட்டிருக்கக் கூடாது."

"இத ஏன் அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லல?"

"செத்தவன் மேல பழி போட்ட மாரி ஆயிடும்."

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. பென்சிலை வைக்காமல் வரைந்துகொண்டே இருந்தேன். வைத்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

மார்ச் 9

முடித்தேன். அஜய் முகத்தின் மேல் வெள்ளையைப் பூசினேன், தாடையிலிருந்து ஆரம்பித்து மேலே போனேன். கண் கடைசி. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 15

அம்மாவிடம் போய் அஜய் சொன்னதைச் சொன்னேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே 11

புத்தகம் வந்தது. தியாகதுருகத்தில் தனியாக இருக்கிற அம்மாவிடம் எடுத்துப் போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது சுபாசு மாரி நிக்குது."

"அவருதாம்மா."

"எளச்சிட்டானா?"

"ஆமா."

"எங்க இப்ப?"

"பஸ் ஸ்டாண்டுல. வூட்டுக்கு வர மாட்டேன்னுட்டாரு."

அம்மா புத்தகத்தை அஜய் போட்டோவுக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். உலையில் போட அரிசி களைந்துகொண்டிருந்தாள், நான் எட்டிப் பார்த்தேன். மூன்று பேருக்கு இருந்தது.