ஏழு நிமிட வீரர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் போச்சு. நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பேப்பரின் குறுக்கெழுத்துப் பக்கம் மடித்துப் பழைய பேப்பர் கட்டுக்குள் செருகப்பட்டுவிட்டது. "ஏழு நிமிஷம்!" என்று கூடத்திலிருந்து அறிவிப்பு வேறு.

முப்பது வருடமாக அந்தப் புதிர் என்னுடையது. காலையில் குறிப்புகளை ஒருமுறை படித்துவிட்டால் போதும், நாள் முழுக்க வாயில் மிட்டாய் அடக்கிக்கொண்ட மாதிரி. துணி காயப்போடும்போது ஒரு சொல் வரும், காய் நறுக்கும்போது ஒன்று. கடைசிச் சொல் படுக்கப்போகும் நேரத்தில் வரும். சில நாள் வராமலே போகும். அதுவும் ஒரு சுகம்தான்.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகிறது. ஒரு திருகாணியை முடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று தொழிலாளிகளுக்குப் பின்னால் நின்று அளப்பதுதான் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. இப்போது அளக்க ஆள் இல்லை. என் கட்டங்கள் மாட்டிக்கொண்டன.

மார்ச் 4, புதன்

மகளிடம் போனில் புலம்பினேன். "ரெண்டு பேப்பர் வாங்குங்கம்மா! இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு..." என்றாள். பெரிய மேதாவி.

மார்ச் 6, வெள்ளி

வாங்கினேன். தன்னுடையதை முடித்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார், ஸ்டாப்வாட்சோடு! "இன்னும் மூணாவதுலயே நிக்கிறியா? ஸ்டோர் மேனேஜர் இன்னைக்கு ஆறு நிமிஷமாம். குரூப்ல போட்டிருக்கான்."

பழைய சகாக்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அவரவர் நிமிடத்தைப் போடுவார்கள். அவ்வளவு பெரிய தொழிற்சாலையை நடத்திய மனிதர்கள்!

பேனாவை மூடிவிட்டேன். ஒரு சொல் ஓடவில்லை. முதுகில் ஒருவர் மூச்சு விட்டால் எப்படி ஓடும்? எனக்கு வந்த கோபத்துக்கு — வேண்டாம், எழுதமாட்டேன்.

மார்ச் 7, சனி

செய்ய வேண்டியது தெரிந்துவிட்டது. கோந்து வாங்க வேண்டும். இப்போதே சிரிப்பு வருகிறது.

மார்ச் 9, திங்கள்

அவருக்கு முன்னால் எழுந்தேன். அவருடைய இன்றைய பேப்பரின் கட்டங்கள் மேல், போன வாரம் நான் நிரப்பாமல் விட்ட கட்டங்களை வெட்டி ஒட்டினேன். குறிப்புகள் இன்றையவை, கட்டங்கள் பழையவை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. ஓரம்கூடத் தூக்கிக்கொண்டு நின்றது. மனிதர் திணறட்டும், நாள் பூரா உட்கார்ந்து முழிக்கட்டும் என்றுதான் செய்தேன்.

"அஞ்சரை நிமிஷம்! சாதனை!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் குளிக்கப் போனதும் எடுத்துப் பார்த்தேன். 'வீட்டை விட்டு நகராமல் தெருவைப் பார்ப்பது.' ஜன்னல் என்று குழந்தைகூடச் சொல்லும். நான்கெழுத்து, ஒட்டியதில் மூன்றே கட்டம். அவர் எழுதியிருந்தது: 'ளம்பூ'.

பழைய கட்டைப் பிரித்தேன். ஒரு மாதமாக இதே கூத்து! ஒரு நாள் முழுக்க வெறும் 'ப'. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயர். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் வைத்து அனுபவிக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

"'ளம்பூ' அழகான பேர் இல்ல?" என்று இட்லி பரிமாறும்போது அவரிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

தெருமுனை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை புதிர்ப் போட்டி. இருவர் இருவராக. ஸ்டோர் மேனேஜர் தானும் மனைவியும் ஒரு ஜோடி என்று எழுதிக்கொடுத்துவிட்டு, இன்னொரு ஜோடிக்கு இவர் பெயரையும் கொடுத்துவிட்டாராம். செய்தி வந்ததிலிருந்து இவர் முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் அருகில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது" என்றார்.

"தெரியும். ளம்பூ."

அவர் சிரிக்கவில்லை. "காலையில எதையாவது முடிச்சாத்தான் எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கு. இங்க முடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லியே" என்றார்.

நான் இன்னும் நாலு கிண்டல் தயாராக வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஓரம் கட்டினேன். பாவமாக இருந்தது. எனக்கு இருக்கிற வெட்டி வேலைகளில் ஒன்றிரண்டைக்கூட இவரிடம் கொடுத்ததில்லையே.

"உங்க ஜோடியா நானே வர்றேன். ஆனா பேனா என் கையில" என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

முதலில் தாளைக் கொடுத்தவர் ஸ்டோர் மேனேஜர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நூலகர் அம்மா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "சார், 'கூழபிச'ன்னா என்னங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். அரங்கமே சிரித்தது. மேனேஜரின் மனைவி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இவர் மேஜைக்கடியில் குனிந்து, கழன்று போகாத செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் முடிக்கவில்லை. எல்லாரும் போய், மின்விசிறிகளையும் அணைத்துவிட்டார்கள். மூன்று இடம் காலி. "வெறுமனே விட்டா அசிங்கமா இருக்கும், ஏதாவது போடு" என்று கெஞ்சினார். பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வரும் வழியெல்லாம் உம்மென்று வந்தார். மருந்துக்கடை தாண்டும்போது திடீரென்று நின்றார். "அந்த மேலிருந்து கீழ் ஏழாவது... கூடாரமா?"

கூடாரம்தான். நடுத்தெருவில் அப்படியொரு சிரிப்பு சிரித்தார்.

மார்ச் 16, திங்கள்

பேப்பர் மடிக்காமல் மேஜைமேல் இருந்தது. "ஒண்ணே ஒண்ணு எனக்குக் கொடு" என்றார். கொடுத்தேன். சொதப்பினார்.

மார்ச் 19, வியாழன்

இன்று அவருக்குக் கொடுத்தது: 'தினமும் தலைமேல் ஏறினாலும் நமக்குக் கோபம் வராது', மூன்றெழுத்து. சீப்பு. எனக்குப் படித்தவுடனே தெரிந்துவிட்டது.

அதை முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போனார், வாங்கப் போனதை விட்டுவிட்டு வந்தார். குளித்தார். கண்ணாடி முன் நின்று, இருக்கிற நாலு முடியை வாரிக்கொண்டே, "தலைமேல ஏறுது... கோபம் வரல... அப்படி என்ன இருக்கு?" என்று யோசித்தார். கதவோரம் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

மணி இரண்டாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிடலாம் என்று, "ஏங்க—" என்றேன்.

"சொல்லாத! சொல்லாத!" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார்.