‘இல்ல’ என்று பதிவான ஒரு குரல் குறித்து

விடுநர்:
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி
(பெயர், முகவரி, கணக்கு எண் தனித்தாளில்)

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
வங்கித் தலைமை அலுவலகம்

பொருள்: காசோலை மோசடிச் சந்தேகத்தில் என் கணவரின் கணக்கு முடக்கப்பட்டது – நேரில் வந்து விசாரிக்க வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் அல்ல. மருந்துச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தும், வீட்டு வரவு செலவை எழுதியுமே கை பழகியவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. சென்ற ஆண்டு என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கைக்குப் பாதிப் பலம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "இல்ல." பசித்தாலும் "இல்ல", வயிறு நிறைந்தாலும் "இல்ல". மனத்தில் ‘ஆமாம்’ இருந்தாலும் வாயில் அதுதான் வரும் என்று டாக்டர் விளக்கினார். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நான் புரிந்துகொள்வேன். "நான் கிழவி ஆயிட்டேனாங்க?" என்று கேட்பேன். "இல்ல" என்பார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, "நீங்க குடுத்து வெச்சவங்கக்கா. என் வீட்டுக்காரர் இதுக்குப் பதில் யோசிக்கிறதுக்குள்ள எனக்கு நிஜமாவே வயசாயிடும்" என்பார். என் கணவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் கேட்பேன்.

2. பேச்சுப் பயிற்சி தருபவருக்குக் கொடுக்கப் பணம் எடுப்பதற்காக, என் கணவர் கையெழுத்திட்ட காசோலையோடு தங்கள் கிளைக்குச் சென்றேன். கையெழுத்து நடுங்கியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அடையாள அட்டைப் படத்தில் எனக்குக் கன்னம் நிறைந்திருக்கும். இந்த ஒரு வருடத்தில் நான் பாதியாகிவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீங்கதானாம்மா?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். துணை மேலாளர் வந்து என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். அட்டையையும் காசோலையையும் வாங்கிக்கொண்டு, கதவருகே காவலாளியை நிறுத்தினார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் தெருக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

3. பிறகு துணை மேலாளர் என் கணவரின் எண்ணுக்குப் போன் செய்தார். வீட்டில் அவருக்குத் துணையாக இருந்த தையல்காரம்மா எடுத்து, "அவருக்குப் பேச்சு வராதுங்க சார்" என்றார். "நீங்க யாரு நடுவுல? போனை அவர்கிட்ட குடுங்க." நானும் அதையே சொன்னேன். "நீங்க பேசாதீங்கம்மா, பதிவாகுது" என்றார். பிறகு, "இந்த செக்கை நீங்க குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

ஐயா, ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. முதலில் மூச்சு மட்டும். பிறகு, "இல்ல."

"இந்தம்மா உங்க மனைவியா?"

"இல்ல."

"அப்போ போலீஸ்ல சொல்லிடலாமா?"

"இல்ல, இல்ல, இல்ல" என்று அலறினார். அன்று அவர் மனமும் வாயும் ஒன்றாக இருந்தது அந்த ஒரு பதிலில் மட்டும்தான். பதிவில் அது ‘வாடிக்கையாளர் பதற்றமாக இருந்தார்’ என்று எழுதப்பட்டிருக்கிறது.

4. வங்கியிலிருந்து போலீஸை வரவழைத்தார்கள். மாலை வரை காவல் நிலையத்தில் இருந்தேன். தையல்காரம்மா டாக்டர் சான்றிதழோடு வந்தபின் போலீஸார் என்னை அனுப்பிவிட்டார்கள். வங்கிதான் கணக்கை விடவில்லை. சான்றிதழைக் காட்டினால், "பேப்பர் யார் வேணா அடிச்சுக்கலாம்மா. அவர் வாயால மறுத்தது எங்ககிட்ட இருக்கு. அவரே வாயால மாத்திச் சொல்லட்டும், உடனே முடக்கத்தை எடுத்துடறோம்" என்கிறார் துணை மேலாளர்.

5. கணக்கு என்றால் வரவையும் எழுத வேண்டும். கவுண்டர் பெண் யாரும் பார்க்காதபோது எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். துணை மேலாளரும் கெட்டவர் அல்ல. அதே கிளையில், சமீபத்தில்தான் ஒரு மகன் தந்தையின் கையெழுத்தைப் போட்டுச் சேமிப்பை வழித்துக்கொண்டு போனானாம். இன்னொரு நோயாளி அப்படி ஏமாறக்கூடாது என்றுதான் என்னைப் பிடித்திருக்கிறார். ஆண்டவனிடம் அவருக்காகக் கோபமில்லாமல் வேண்டிக்கொள்ளப் பழகிவருகிறேன். இன்னும் முழுதாக வரவில்லை.

6. அன்று நான் வீடு திரும்பியபோது என் கணவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. லிஃப்ட் வேலையில், மேலே நிற்பவர் குரல் கொடுத்தால்தான் கீழே இருப்பவர் சுவிட்சைப் போடுவார். சொல் மாறினால் ஓர் உயிர் போய்விடும். வேலைக்காலம் முழுவதும் அந்தப் பயத்தோடு வாயைத் திறந்தவர் அவர். இப்போது தன் சொல்லே என் தலையில் விழுந்துவிட்டதாக நினைக்கிறார். பசித்தாலும் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

7. ஆகவே, அதிகாரமுள்ள ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காசோலையையும் கொண்டுவரட்டும். என் கணவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்க்கட்டும். அந்தக் குரல் மறுப்பு அல்ல என்று பதிவில் எழுதட்டும். பணம் விடுபடத் தாமதமானால் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன்.

வருபவர் என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க மேல தப்பில்லைங்க, உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் ஆகல" என்று அவர் காதில் விழும்படி சொன்னால் போதும். நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார். அன்று கேள்வி கேட்டது வங்கியின் குரல். இதையும் அந்தக் குரல் சொன்னால்தான் நம்புவார்.

தங்கள் வருகைக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
(கையொப்பம்)
கணக்கு உரிமையாளரின் மனைவி

இடம்: வீடு
நாள்: வெள்ளிக்கிழமை
இணைப்பு: டாக்டர் சான்றிதழ், அடையாள அட்டை நகல்